தாய்மாமனும் இரண்டு கமாவும்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் எந்த ஆட்டோக்காரரிடமாவது போய் "அன்புச்செல்வி டீச்சர் வகுப்பு எங்கே?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "கமா டீச்சர்" என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார், நேரே தையல்கடை வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். அவரே அந்த வகுப்பில் படித்தவராக இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. தையல்கடை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே தினமும் மாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், விடுதிகளில் அறை சுத்தம் செய்கிறவர்கள், காபிக்கடையில் பரிமாறுகிறவர்கள் எல்லாரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இங்கிலீஷ் படிக்கிறார்கள். அன்புச்செல்விக்கு முப்பத்தோரு வயது. குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும்.

பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் அவள் ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம் மூர்த்தி என்பவருடைய விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். மூர்த்திக்குப் புகை ஆகாது. புகைபிடிக்கிற விருந்தினர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று இங்கிலீஷில் ஒரு பலகை எழுதி மாட்டினார். எழுதியவர் சும்மா இருந்திருக்கலாம். 'புகைபிடிக்கிற' என்ற பகுதிக்கு முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா என்று அழகுக்குப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஒரு ஜெர்மன் அம்மா பெட்டியோடு வந்து நின்றார். வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை, ஆனாலும் எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று பணிவாகக் கேட்டார். மூர்த்தி விழித்தார்.

அன்புச்செல்விதான் விளக்கினாள். "இங்கிலீஷ்ல இந்த மாதிரி ரெண்டு பக்கமும் கமா போட்டா, நடுவுல இருக்கறது உபரித் தகவல்னு அர்த்தம் சார். அதைத் தூக்கிட்டாலும் வாக்கியம் நிக்கணும். தூக்கிப் பாருங்க, இன்னா மிஞ்சுது? விருந்தினர்கள் வெளியேற்றப்படுவார்கள். எல்லாருமே! யாரை வெளியேத்தறோம்னு சொல்றதே அந்தப் புகை சமாச்சாரம்தான். அது உபரி இல்ல, அதுக்குக் கமா கூடாது." சொன்னதோடு நிற்காமல் ஒரு பிளேடை எடுத்துப் பலகையிலிருந்த இரண்டு கமாவையும் சுரண்டி எடுத்தாள். ஜெர்மன் அம்மா கை தட்டினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது.

வகுப்பில் இதையே அவள் வேறு மாதிரி சொல்வாள். "கிரிவலம் போறீங்க. நடுவுல டீ குடிக்க ஒதுங்கறீங்க. ரோட்டை விட்டு இறங்கற இடத்துல ஒரு கமா. குடிச்சிட்டு மறுபடி ரோட்டுக்கு ஏறற இடத்துல ஒரு கமா. ரெண்டாவது கமாவை மறந்தா டீக்கடையிலயே உக்காந்துட்டீங்கன்னு அர்த்தம். டீ குடிக்கலன்னாலும் கிரிவலம் கிரிவலம்தான். புரியுதா?"

"டீ குடிக்காம எப்படி டீச்சர் சுத்தறது?" என்பார் ஆட்டோ சுரேஷ்குமார். ஒவ்வொரு வகுப்புக்கும் அவர் இதைக் கேட்பார், ஒவ்வொரு முறையும் எல்லாரும் சிரிப்பார்கள்.

இந்த உபரி ஒழிப்பு பலகையோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. அது அவள் வாழ்க்கைக்குள்ளும் நுழைந்துவிட்டது. போனில் பேசினால் தந்தி அடித்த மாதிரி இருக்கும். அவளுடைய அம்மா ராஜம்மாளோ நேர்மாறு. கத்திரிக்காய் வாங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினால், விற்றவளுடைய மருமகளின் பிரசவம் வரை போய்த்தான் திரும்புவாள்.

"அம்மா, கமாவுக்குள்ள இருக்கறதை வுட்டுட்டுச் சொல்லு."

"அதை வுட்டுட்டா அப்புறம் பேசறதுக்கு இன்னாடி இருக்குது?"

அன்புச்செல்விக்கு அப்பா கிடையாது. அவள் ஆறாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எல்லாமாக இருந்தவர் ராஜம்மாளின் தம்பி சக்திவேல். கீழ்பென்னாத்தூரில் சொந்த வேன் வைத்து ஓட்டுகிறவர். வேர்க்கடலை மூட்டையும் ஏற்றுவார், காதுகுத்துக்கு ஆளையும் ஏற்றுவார். அவள் கல்லூரியில் படித்த காலம் முழுக்க மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி, தினமும் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். இங்கிலீஷில் அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. மருமகளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அத்தனை பெருமை.

அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வல்லரசு, செங்கத்தில் கால்நடை மருந்தகத்தில் வேலை. பெண் பார்க்க வந்தவர் மொத்தமே நாலு வார்த்தைதான் பேசினார். அன்புச்செல்விக்கு ஏன் பிடித்தது என்று சொல்லவும் வேண்டுமா?

தமிழ்ப் பத்திரிகை முறைப்படி அடித்தார்கள். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை, அடுத்தது தாய்மாமனுக்கு. ராஜம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழம் வைத்துத் தம்பி வீட்டுக்குப் போய்க் கொடுத்தாள். உள்ளே பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா மகன், அந்த மகனின் மைத்துனன் என்று நெருக்கியடித்துக்கொண்டு பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தாய்மாமன் சக்திவேல். அவர் அதை லேமினேட் செய்து வேனின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் சாமி படத்தோடு வைத்துக்கொண்டார்.

வினை இங்கிலீஷ் பத்திரிகையில் இருந்தது. விடுதிக்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள், மாணவர்கள் இவர்களுக்காகத் தனியாக ஒன்றை அன்புச்செல்வியே எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்தாள். உறவுக்காரர்கள் எல்லாரும் கமாவுக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் தூக்கினாள். வாக்கியம் ஜம்மென்று நின்றது. மணமகள், மணமகன், நாள், நேரம், மண்டபம், அவ்வளவுதான் மிச்சம். இத்தனை சுத்தமான கல்யாணப் பத்திரிகையை இந்த மாவட்டத்தில் யாரும் அடித்திருக்க மாட்டார்கள் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். நம்ம ஊரில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஆளைத் தூக்குவது தேன்கூட்டில் கையை விடுகிற வேலை என்பது படித்த பெண்ணுக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது சக்திவேல் ஒரு சவாரியை ரமணாசிரமத்தில் இறக்கிவிட்டு, அந்தச் சவாரிக்காரர்களோடு பக்கத்துக் காபிக்கடையில் நுழைந்தார். சுவரில் பிள்ளையார் படம் போட்ட அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. பாப்பா இங்கிலீஷிலும் ஒன்று எழுதியதாக அக்கா சொல்லியிருந்ததால் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "எங்க பாப்பா கல்யாணப் பத்திரிகை. அதுவே இங்கிலீஷ்ல எழுதுச்சு" என்று சவாரிக்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, காபி கொண்டுவந்த கீதாஞ்சலியைக் கூப்பிட்டார். "இதுல தாய்மாமன் பேர் எங்க இருக்குதுன்னு இவங்களுக்குக் காட்டும்மா."

கீதாஞ்சலியும் மாடி வகுப்பில் படிக்கிறவள்தான். மேலிருந்து கீழாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள். "இதுல யார் பேரும் இல்லிங்க. சுருக்கமா போட்டிருக்காங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னாள். சவாரிக்காரர்கள் காபியை ஊதுவதில் மும்முரமானார்கள்.

அன்றிலிருந்து சக்திவேல் போனை எடுக்கவில்லை. பந்தக்கால் நடவும் வரவில்லை. கடைசியில் ராஜம்மாளிடம் மட்டும் சொன்னார். "சீர் வந்து சேரும்க்கா. நான் வரல."

ராஜம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டாள். "மணையில உக்கார வைக்கக் கையைப் புடிச்சி யாருடி கூட்டினு வருவா? உங்கப்பனும் இல்ல, இப்ப மாமனும் இல்ல. போடி, போய் உன் கமாவையே கூட்டினு வா!"

அன்புச்செல்வி அடுத்த பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனாள். சக்திவேல் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த வேன்.

"போன் எடுக்க மாட்றீங்களே மாமா?"

"வண்டி ஓட்டினு இருந்தேன்."

"இத்தனை நாளாவா?"

அவர் டயருக்குத் தண்ணீர் ஊற்றினார். அவளே தொடர்ந்தாள். "உங்களைத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் தமிழ்ப் பத்திரிகைதான் மாமா. அதுல உங்க பேருதான் முதல்ல. இங்கிலீஷ்ல அடிச்சது உங்களைத் தெரியாதவங்களுக்கு. அவங்களுக்கு எதுக்குன்னு சுருக்கிட்டேன்."

சக்திவேல் நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சவனுக்கு எதுக்கு பாப்பா என் பேரு? என் மூஞ்சைப் பார்த்தாலே சொல்லிடுவான். தெரியாதவனுக்குத்தானே சொல்லணும், இவருதான் எங்க மாமான்னு?"

அன்புச்செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. மருமகளின் புது உலகத்தில், அவள் பேர் வாங்கிய இடத்தில், தன்னை ஒளித்து வைத்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது, தன்மீதே கோபமும் வந்தது. "தப்புதான் மாமா. வந்துடுங்க மாமா" என்றாள்.

"சீரைக் குறையில்லாம வாசல் வரைக்கும் கொண்டாந்து விடறேன். உள்ள இன்னா இருக்குது? என் பேரில்லாத மண்டபம்."

அவர் மனைவி சந்திரம்மாள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "மண்டபத்துல மண்டபக்காரன் பேரைத் தவிர எவன் பேரை எழுதி வச்சிருக்கறான்? வந்துடுவாரு, நீ போம்மா செல்வி." ஆனால் சக்திவேல் மறுபடியும் வேனைத்தான் கழுவத் தொடங்கினார். வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே அவள் ஊர் திரும்பினாள்.

கல்யாணத்தன்று காலையில் வேன் வந்தது. ஆரணிப் பட்டு, தேங்காய், பழம், இனிப்பு என்று தட்டுத் தட்டாகச் சீர் இறங்கியது. மேளம் முன்னால் போக, சந்திரம்மாளும் பெண்களும் தட்டுகளை ஏந்தி உள்ளே போனார்கள். புதுச் சட்டையும் கரைவேட்டியுமாக வந்த சக்திவேல் மட்டும் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. விட்டால் வேன் தானாகவே ஓடிவிடும் என்பதுபோல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே ஐயர் அவசரப்படுத்தினார். "தாய்மாமன் எங்கே? பொண்ணை அழைச்சுண்டு வரச் சொல்லுங்கோ." ராஜம்மாள் கண்ணைத் துடைத்தாள். யாராவது பெரியப்பா மகன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டுமே என்று யாரோ சொன்னார்கள்.

"வேணாம்" என்றாள் அன்புச்செல்வி. மாலையும் நெற்றிச்சுட்டியுமாக அறையிலிருந்து வெளியே வந்து, நாதசுரக்காரர் பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தாள். மணப்பெண் மைக்கைப் பிடிப்பதைப் பார்த்துக் கிழவிகள் வாயில் கை வைத்தார்கள். முன்வரிசையில் வேட்டி கட்டிய வெளிநாட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் இங்கிலீஷில் பேசத் தொடங்கினாள். வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதைத் தெரு முழுக்கச் சொன்னது.

சக்திவேல் காதில் முதலில் விழுந்தது அவருடைய பெயர். வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஆட்டோ சுரேஷ்குமாரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "இன்னாப்பா சொல்லுது பாப்பா?"

சுரேஷ்குமார் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். "'என் மாமா, சக்திவேல்'ங்கறாங்க. 'கீழ்பென்னாத்தூர்ல வேன் ஓட்டறவரு.' 'கடலை மூட்டைக்கு நடுவுல உக்கார வச்சி என்னைக் காலேஜுக்குக் கூட்டினு போனவரு.' 'பரீட்சை எழுதறப்ப மரத்தடியில சாப்பிடாம காத்துனு இருந்தவரு.' 'எனக்குப் படிக்கத் தெரியுதான்னு பார்க்க, ரோட்டுல இங்கிலீஷ் போர்டு வந்தா வண்டியை நிறுத்தினவரு...'"

"அதைக்கூடவா சொல்லுது?" சக்திவேல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "அப்புறம்? இந்த மாமன் இன்னா பண்ணாராம்?"

"அது இன்னும் வரல ண்ணா. எல்லாம் கமாவுக்குள்ளதான் ஓடினு இருக்குது."

"அப்ப உபரியா?"

"சட்டப்படி உபரிதான். ஆனா டீச்சர் நிறுத்த மாட்றாங்களே!"

ஸ்பீக்கரில் "நேரமாறதும்மா" என்று ஐயர் கெஞ்சுவதும் கேட்டது. அதையும் தாண்டி அவள் குரல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நின்றது. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்.

"இன்னாச்சு? கரண்ட் போச்சா?"

"இல்ல ண்ணா. டீச்சர் பாதியில நிறுத்திட்டாங்க. கடைசிக் கமாவைப் போட்டாச்சு, இனிமே மிச்சத்தைச் சொல்லணும். சொல்லாம வாசலைப் பார்த்துனு நிக்கறாங்க."

"மிச்சம் இன்னா?"

"எனக்கு எப்படி ண்ணா தெரியும்? அது உங்க கையிலதான் இருக்குது."

சக்திவேல் ஒரு கணம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு இறங்கினார். வேன் கதவைச் சாத்தக்கூட இல்லை. மண்டபத்துக்குள் அவர் காலை வைத்ததும் முன்வரிசையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் "சக்திவேல்!" என்று கத்தினார். மொத்த வரிசையும் எழுந்தது. அதுவரை முன்னேபின்னே பார்த்திராதவர்கள் அவருக்குக் கை கூப்பினார்கள். அவரும் கூப்பியபடியே, வேட்டி தடுக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு நடந்து வந்தார்.

அன்புச்செல்வி மைக்கை வாயருகே கொண்டுபோய் வாக்கியத்தை முடித்தாள். "ஹேஸ் கம்." வந்துவிட்டார், அவ்வளவுதான். மாடி வகுப்பு மொத்தமும் விசில் அடித்தது. மாப்பிள்ளை வல்லரசு மணையில் உட்கார்ந்தபடியே கை தட்டினார். ராஜம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சக்திவேல் மருமகளின் கையைப் பிடித்தார். இருவருக்கும் கண் நிறைந்திருந்தது. மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். அதனால் அவர் மெல்லச் சொன்னது மண்டபம் தாண்டித் தெருவுக்கும் கேட்டது.

"நட பாப்பா, நேரமாவுது."