முதல் வெடி மங்களம்

அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சிக்கு வெளியே, கல்குவாரிகளுக்கு வெடிமருந்து செய்யும் கம்பெனி ஒன்றின் சோதனைக் கொட்டகையில் எனக்கு வேலை. ஈயக் கட்டியில் துளை போட்டு, அதற்குள் கொஞ்சம் மருந்தை வைத்து வெடிப்போம். பிறகு துளையில் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு அகன்றிருக்கிறது என்று அளப்போம். நன்றாக அகன்றிருந்தால் மருந்துக்கு வலு இருக்கிறது. வாசலில் 'ஆராய்ச்சி' என்று போர்டு மாட்டியிருந்தார் மானேஜர். அந்தப் போர்டை தினமும் துடைத்தோம். அங்கே ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான்.

மானேஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். பெரிய படிப்பு, சீமைப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். புதுச் சரக்கைச் சோதிக்க எடுத்தால், "முதல் வெடி மங்களமா இருக்கணும் ஓய்" என்று தடுப்பார். ஏற்கெனவே தேறிய பழைய பெட்டியிலிருந்து மருந்தெடுத்து முதல் வெடி வைக்க வேண்டும். அது பிரமாதமாக வெடிக்கும். வெடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் இருப்பதே ஒரு கட்டி, அதுவும் ஒரு வெடிக்குத்தான் ஆகும். அதை உருக்கி, மறுபடி வார்த்து, ஆறவைப்பதற்குள் பொழுது போய்விடும். மங்கள வெடியின் அளவையே புதுச் சரக்கின் அளவாக வைத்துக்கொண்டு லாரியை அனுப்பிவிடுவார்.

ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய சரக்கு ஒன்றும் அப்படித்தான் கிளம்பத் தயாரானது. அது போகும் மணப்பாறைக் குவாரியில் வெடி வைப்பவர் என் அக்கா வீட்டுக்காரர்.

"சார், ஈரம் ஏறியிருக்குங்க. இதையே ஒரு தடவை வெடிச்சுப் பார்த்துட்டு நாளைக்கு அனுப்பலாங்க" என்று கெஞ்சினேன்.

"பெருமாள் பார்த்துப்பார். நீர் போய் போர்டைத் துடையும்."

பெருமாளுக்கு ஈயக் கட்டியில் தண்ணீர் ஊற்றுவதா வேலை? நான் பஸ் பிடித்து மணப்பாறை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருந்து பாதிதான் வெடித்திருக்கிறது. கல்லைப் புரட்டப் போன அக்கா வீட்டுக்காரரின் கடப்பாரை பட்டு மீதியும் வெடித்து, அவர் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

"அவன் ப்ராரப்தம்" என்றார் மானேஜர். போனது அடுத்தவன் கை. வேதாந்தம் சுலபமாக வந்தது.

கோடையில் அவருடைய வயல் கிணற்றில் பாறை தட்டியது. என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெடி வைக்கறப்போ என் பிள்ளை பக்கத்துலயே நிக்கப்போறான். புதுசு வேண்டாம் ஓய். அந்தப் பழைய பெட்டியிலேர்ந்து கொடும்."

அப்படியானால் தெரியும். அத்தனையும் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

"அது மங்களத்துக்கே தீர்ந்துபோச்சுங்க. புதுசுதான் இருக்கு. நீங்க சோதிச்சு அனுப்பற சரக்குதானே?" என்றேன்.

அவர் மருந்து வாங்காமலே போய்விட்டார். அந்தக் கிணறு அதற்கு மேல் ஒரு சாண்கூட ஆழம் போகவில்லை.