வலது குதி 40

எங்கள் வீட்டில் ‘குதி’ என்பது ஒரு வருடம் முழுக்கப் பெயர்ச்சொல்லாகவே இருந்தது. குதி வலிக்கிறது, குதி தேய்ந்துவிட்டது, புதுக் குதி எப்போது வரும் என்று வீட்டுப் பேச்செல்லாம் காலுக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதை வினைச்சொல்லாக்கியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இலக்கணத்தில் நான் ஒன்றும் மோசமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வலி அம்மாவுடையது. அம்மா ஆஸ்பத்திரியில் தாதி. எந்தக் கட்டிலிலிருந்து யார் ‘மிஸி’ என்று கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் திரும்பி, சீமெந்துத் தரையில் பதினாறு வருடம் நடந்தவர். இரண்டு குதிக்கால்களும் ஒருநாள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முதல் அடிக்குச் சுவர் வேண்டும், இரண்டாவது அடிக்கு முருகன் வேண்டும். மாலையில் வந்ததும் வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்துவிடுவார். சுடுதண்ணீரில் உப்புப் போட்டு, அம்மா கால் வைக்கப் பேசினில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அந்த அரை மணித்தியாலம் அம்மாவால் எங்கும் போகமுடியாது. என் தலையைத் தடவுவார், பள்ளிக்கூடத்துக் கதை கேட்பார். நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான் என்றால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள். என்ன செய்வது, உண்மை அதுதான்.

அப்பா காணிக் கந்தோரில் எழுதுவினைஞர். அவருடைய எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். அம்மா வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற விரும்புவதாக ஒரு கடிதத்தை அவரே எழுதி அலுமாரியில் வைத்திருந்தார். அம்மா கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பாவுக்கு அம்மாவின் வேலையில் கோபம் ஒன்றுமில்லை. காலையில் அம்மா சுவரைப் பிடிப்பதைப் பார்க்க அவருக்கு ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான். அம்மாவோ ‘பாப்பம், பாப்பம்’ என்றே மூன்று மாதம் கடத்திவிட்டார். நான் உடுப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கடிதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். அம்மா வேலையை விட்டால், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்காது. அடுத்த வீட்டு அன்ரியிடம் திறப்பு வாங்கத் தேவையில்லை. அதோடு, சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி வாட்டுக் கதை இருக்காது. அம்மா வாட்டுக் கதை சொல்லத் தொடங்கினால் முகமே வேறாகிவிடும். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்த கிழவரை நடித்துக் காட்டும்போது சோறு ஆறிவிடும். எனக்கு அந்த வாட்டின் மேலேயே பொறாமை.

இதற்கு நடுவில் மாமா புகுந்தார். அம்மாவின் தம்பி, எங்களோடு பாலையூற்றில் இருந்தவர், துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பல் வந்து அணையும்போது இறங்குதுறைச் சுவரில் இடித்துக்கொள்ளாமல் இருக்க, தடித்த றப்பர் உருளைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். நடுவில் ஓட்டை உள்ள உருளைகள். பழுதானதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது மாமாவின் குழுவுடைய வேலை. ஒருநாள் அம்மா பேசினுக்குள் காலை வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நின்றவர் திடீரென்று சொன்னார்:

“அக்கா, கப்பலையே தாங்கிற றப்பர் உங்களைத் தாங்காதோ?”

“என்னைக் கப்பல் எண்டுறியா, தம்பி?”

அன்று தொடங்கியது. முதலாவது சோடிக்கு மாமா பழைய லொறி ரயரை வெட்டிச் சப்பாத்தின் அடியில் ஒட்டினார். அது கல் மாதிரி இருந்ததோடு, வாட்டுத் தரை முழுக்கக் கறுப்புக் கோடும் போட்டது. அம்மா போன வழியெல்லாம் தெரிந்தது என்று பெரிய மிஸி முறைப்பட்டாராம். இரண்டாவது சோடி, பாட்டாச் செருப்பின் மெத்தென்ற அடியை அடுக்கிச் செய்தது. காலையில் பஞ்சுபோல் இருந்தது மத்தியானத்துக்குள் அப்பளமாகிவிட்டது. ‘பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு’ என்று அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சொன்னார். மாமா அசரவில்லை. அமுங்கினால் மட்டும் போதாது, அமுங்கினது உடனே எழும்பவும் வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கையோடு விளக்கம் சொன்னார். இறங்குதுறை உருளையின் இரகசியம் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது, கப்பல் தள்ளும்போது ஓட்டை மூடுகிறது, கப்பல் விலகும்போது திறக்கிறது, குதிக்குள்ளும் அப்படி ஓர் ஓட்டை வைக்கப்போகிறேன் என்றார்.

கிண்ணியாவில் றப்பர்ச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் மாமாவின் சிநேகிதர். அவரிடமிருந்து இரண்டு வகை றப்பர்த் துண்டுகள் வந்தன. மாமா அவற்றைக் குதி அளவுக்கு வெட்டி, நடுவில் சதுரமாக ஓட்டை எடுத்து, அம்மாவின் பழைய சப்பாத்துச் சோடி ஒன்றில் ஒட்டினார். ஒட்டி முடிந்த அன்றே மூதூர் இறங்குதுறையில் ஐந்து நாள் வேலை என்று அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. பசை நன்றாகக் காயட்டும், நான் வரும்வரை ஒருவரும் போடவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சப்பாத்தை விறாந்தை மூலையில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். அப்பா அவரை வாசல்வரை போய் வழியனுப்பினார்.

“மச்சான், இதுதான் கடைசி. இதுவும் சரிவராட்டி திங்கக்கிழமை கடிதம் போகும்.”

“சரிவரும், அத்தான்.”

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு சப்பாத்திலும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. மாமாவின் கோழிக் கிறுக்கலில் ஒன்றில் ‘வலது குதி 40’ என்றும் மற்றதில் ‘இடது குதி 60’ என்றும் இருந்தது.

அது எனக்கு இடப்பட்ட கட்டளை என்றே எடுத்துக்கொண்டேன். வலது காலால் குதி, நாற்பது தரம். இடது காலால் குதி, அறுபது தரம். பழந்துணியை உள்ளே திணித்து அம்மாவின் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, கிணற்றடிச் சீமெந்தில் நின்று, நாற்பதும் அறுபதும் எண்ணிக் குதித்தேன். வேலிக்கு மேலால் அன்ரியின் தலை தெரிந்தது.

“என்ன பிள்ளை, வெய்யிலுக்குள்ள குதியன் குத்திறாய்?”

“மாமா சொன்னவர்!”

அதுவரை நான் குற்றமற்றவள். கோவிலில் வைத்துக் கேட்டாலும் அதைச் சொல்வேன். ஆனால் நூறு தரம் குதித்த பிறகும் குதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுமட்டுமில்லை, சீமெந்து என்னைத் திருப்பி மேலே எறிவதுபோல இருந்தது, காலில் நோவே இல்லை. நான் கிணற்றுக் கட்டில் இருந்து யோசித்தேன். இது சரிவந்துவிடப்போகிறது. சரிவந்தால் கடிதம் போகாது.

இரண்டாம் நாள் கடதாசியைப் பார்க்காமலே குதித்தேன். மூன்றாம் நாள் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று, அங்கிருந்து குதித்தேன். நான்காம் நாள் குதிக்காலைத் திருகித் திருகிக் குதித்தேன். எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தேன். அன்று பின்னேரம் வலது குதியில் ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பார்த்தேன். ஓட்டையின் ஒரு மூலையிலிருந்து வெளிவிளிம்புவரை வெடித்திருந்தது. எனக்குச் சந்தோசம் வரவேண்டும். வரவில்லை. சப்பாத்தைத் துடைத்து, பெட்டியில் வைத்து மூடிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சனிக்கிழமை மாமா வந்தார். வந்தவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பெட்டியைத் திறந்தார். அம்மா கதிரையில் இருந்தபடி காலை நீட்டிக்கொண்டு ஆவலாகப் பார்த்தார். மாமா வலது சப்பாத்தைத் திருப்பினார். வெடிப்பு எல்லோருக்கும் தெரிந்தது.

“நான் சொன்னனான்தானே,” என்றார் அப்பா. அவர் குரலில் வெற்றி இல்லை. அவருக்கும் கவலையாகத்தான் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான்தான் குதிச்சனான். அதில எழுதியிருந்தது.”

அப்பா கடதாசியை வாங்கி வாசித்தார். ஒரு கணம் ஒன்றும் விளங்காமல் நின்றவர், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குதி என்று வெறுமனே எழுதினால் பிள்ளை என்ன செய்யும், பெயரா வினையா என்று தெரியும்படி எழுதவேண்டாமா என்று மாமாவை ஏசினார். நாற்பதும் அறுபதும் றப்பர்க்காரரின் கணக்காம். நாற்பது மெத்தென்றது, அறுபது வைரமானது. அம்மாவின் காலுக்கு எது சுகம் என்று பார்க்கத்தான் காலுக்கொன்றாக மாமா ஒட்டியிருக்கிறார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. வெடித்த இடத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தார். இடது குதியையும் வெளிச்சத்தில் பிடித்தார். அதிலும் அதே மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது.

“எத்தினை தரம் குதிச்சனீ?”

“நாப்பது.”

“நாப்பதுக்கு இது வெடிக்காது, பிள்ளை.” மாமா எனக்கு முன்னால் குந்தினார். “நான் ஏசமாட்டன். எனக்குக் கணக்கு வேணும்.”

“நாலு நாள். எண்ணயில்லை.”

“ஏனம்மா?” என்று கேட்டது அம்மா.

கள்ளனுக்குத் தேள் கொட்டினமாதிரி நின்றேன். என் கண் மட்டும், நான் கேளாமலே, அலுமாரிப் பக்கம் போய் வந்தது. அம்மாவும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம்.

மாமாவோ எங்கள் இருவரையும் மறந்துவிட்டார். “மூலை!” என்றார். “என்ர மடைத்தனம், அக்கா. சதுரமா வெட்டினா மூலையிலதான் பாரம் முழுக்கப் போய்க் குந்தும். அங்க உருளையில ஓட்டை வட்டம். நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன், மண்டையில ஏறயில்லை. இவள் குதிக்காட்டி நீங்கள் ஒரு மாசம் போட்ட பிறகு வாட்டுக்குள்ள வெடிச்சிருக்கும். கடதாசி ஒண்டு தாங்கோ, படம் கீறவேணும்.”

அம்மா எழும்பினார். சுவரைப் பிடித்துப் பிடித்து அலுமாரிவரை போய்க் கடிதத்தை எடுத்தார். கையெழுத்து வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா கடிதத்தைத் திருப்பி, மேசையில் மாமாவுக்கு முன்னால் வைத்தார்.

“பின்பக்கம் வெறுமையாத்தான் கிடக்கு. கீறு.”

அப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார் என்று பார்த்தேன். அவர் கடிதத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் நல்ல பேனையை எடுத்து மாமாவிடம் நீட்டினார். திங்கட்கிழமை கடிதம் போகவில்லை.

புதிய சோடி வர மூன்று கிழமை எடுத்தது. இந்த முறை ஐம்பது, இரண்டு காலுக்கும் ஒன்றே, நடுவில் வட்ட ஓட்டை. துண்டுக் கடதாசியை அப்பாவே எழுதினார், அச்சடித்த எழுத்தில்: ‘வலது குதி 50 (பெயர்ச்சொல்)’. மாமா என்னைக் கூப்பிட்டு, கிணற்றடியைக் காட்டி, இனி நீ குதிக்கலாம், மனம்விட்டுக் குதி என்றார். பக்கத்தில் நின்று அவரே எண்ணினார். ஐந்நூறு தாண்டியும் ஒரு கோடுகூட விழவில்லை. வெடித்த பழைய குதியை எனக்கே தந்துவிட்டார். அது என் குற்றத்தை ஞாபகப்படுத்தத் தந்த தண்டனை என்று எண்ணி, அதைப் பென்சில் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன்.

அம்மாவின் கால் ஒரே நாளில் சுகமாகவில்லை. முதலில் முருகன் தேவைப்படாமல் போனார், பிறகு சுவர். ஒருநாள் பின்னேரம் நான் வழக்கம்போல் பேசினைத் தூக்கிக்கொண்டு வர, அம்மா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“அதை வை, பிள்ளை. வா, கடற்கரைக்குப் போவம்.”

பஸ்ஸில் போனோம். அம்மாவும் நானும் மட்டும் அப்படிப் போனது அதற்கு முன் எனக்கு ஞாபகமில்லை. எங்கள் ஊர்க் கடற்கரைப் புல்லில் எப்போதும் மேயும் மான்கள் யாரோ போட்ட கச்சான் கடலைக் கோதுகளை முகர்ந்துகொண்டு நின்றன. தூரத்தில் ஒரு கப்பல் மெதுவாகத் துறைமுகப் பக்கம் திரும்பியது. அம்மா வாட்டுக் கதை சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தார். நான் முகத்தை நீட்டிக்கொண்டு பின்னால் போனேன். என் கணக்கில் நான் தோற்றுப்போயிருந்தேன். கடிதமும் வீணாய்ப் போய்விட்டது, இப்போது பேசினும் போய்விட்டது.

கடலுக்கு ஓடும் மழைத்தண்ணி வாய்க்கால் ஒன்று குறுக்கே வந்தது. அம்மா திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

“குதி,” என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த வருடம் முழுக்க அம்மாவின் வாயில் அந்தச் சொல் வலியாகத்தான் வந்திருந்தது. நான் யோசித்து முடிக்கமுதல் அவர் குதித்துவிட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு. இருவரும் அந்தக் கரையில் போய் விழாமல் நின்றோம். அம்மா சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

“நாளைக்கும் வருவமா?”

“நாளைக்கு உங்களுக்கு டியூட்டியெல்லோ?”

“ஓம். டியூட்டி முடிய வருவம்.”

இரண்டும் ஒரே நாளில் நடக்குமென்று எனக்கு அப்போது நம்பிக்கை வரவில்லை. கதிரையில் இருந்துவிடுகிற அம்மாவைத்தான் எனக்குக் கிடைத்த அம்மா என்று எண்ணியிருந்தேன். கடற்கரையில் குதிக்கிற அம்மா ஒருவர் அதுவரை வீட்டுக்கே வந்து சேரவில்லை என்பதும், அவரைக் கூட்டிவந்தது என் கள்ளக் குதியல்தான் என்பதும் எனக்குத் தெரியாது. நான் கையை இழுத்துக்கொண்டு, உர்ரென்று, முன்னால் நடந்தேன். அம்மா சிரித்தபடி என் பின்னால் வந்தார், காலடியில் ஒரு சத்தமுமில்லாமல்.