கெட்டிமேளத்துக்கு அடியில்

பத்திரிகைத் தொழிலில் யாரைப் பார்த்து நடந்துகொள்கிறாய் என்று கேட்பவர்களிடம் நான் எந்த ஆசிரியரையும் சொல்வதில்லை. தஞ்சாவூரில் இசைக் கம்பெனி நடத்தும் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவரைச் சொல்வேன். கேசட்டில் தொடங்கி இணையத்துக்கு வந்தவர். தர்கா பாட்டும் வெளியிடுவார், அம்மன் பாட்டும் வெளியிடுவார். ஆனால் கம்பெனிக்குச் சோறு போட்டது ஒரு கெட்டிமேளம். மேளக்காரர் கிடைக்காத மண்டபங்களில், தாலி கட்டும்போது ஒலிபெருக்கியில் போடுவது அதைத்தான்.

அவரைப் பற்றி எழுதப் போன அன்று, என் காதில் ஹெட்போனை மாட்டினார். பாட்டையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பிரிக்கிற புது மென்பொருளில் அந்தப் பழைய பதிவைப் போட்டுப் பார்த்திருந்தார்.

"மேளத்தை எடுத்துட்டேன். மிச்சத்தைக் கேளுங்க."

நாற்காலி இழுபடும் ஓசை. யாரோ இருமினார்கள். பிறகு, மைக்குக்கு மிக அருகில், ஒரு பெண் குரல்: "வேண்டாம்ப்பா."

அழுகை இல்லை. கடையில் பை வேண்டாம் என்று சொல்வதுபோல் இருந்தது.

தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அபசகுனப் பேச்சோ யார் காதிலும் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. நிஜக் கல்யாணத்தில் எடுத்த பதிவு. அந்தக் குரல் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்களில், எத்தனையோ பெண்களின் தலைக்கு மேல் ஒலித்திருக்கிறது.

"சத்தமில்லாம நீக்கிடுங்க பாய். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"கேக்காம வித்தாச்சு. அழிக்கிறதையும் கேக்காமத்தான் செய்யணுமா?"

அந்தக் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தவரைப் பிடித்து விசாரித்தோம்; மணப்பெண் இப்போது இருக்கும் வீட்டுக்கு வழி சொன்னார். நன்னிலம் தாண்டிப் போனோம். சம்பா அறுப்பு நேரம். கணவர் வயலில் இருந்தார். அறுவடை மெஷின் இரைச்சல் கூடம்வரை கேட்டது. கல்யாணத்தில் பதிவு செய்தவர் என்று பாய் தன்னைச் சொல்லிக்கொண்டதும் அந்த அம்மா சிரித்தார்.

"இப்பத்தான் வர்றீங்களா பாய்? சாப்பாடு ஆறிப்போச்சே."

பாய் எதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு ஹெட்போனைக் கொடுத்தார். கேட்டுவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னார் அந்த அம்மா. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. எடுக்க மறந்ததுபோல.

"மனசுக்குள்ளதான் சொன்னேன்னு இத்தனை நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "வாய்விட்டா சொன்னேன்?"

ஏன் சொன்னீர்கள் என்ற கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. பாய் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். நல்ல பேட்டி அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளலாம் என்று காட்டியவர் அவர் ஒருவர்தான்.

"நீக்கிடவாம்மா?"

"நீக்கிடுங்க. மேளம் இல்லாம இருக்குல்ல, அதை மட்டும் என் போனுக்கு அனுப்பிடுங்க."

கம்பெனியில் அதிகம் ஓடிய பதிவு அது. அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு தளத்திலிருந்தும் நீக்கிக் காட்டினார். மண்டபக்காரர்கள் போனில் ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பதைத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொன்னார். பிறகு, கேட்டதை அனுப்பினார்.

அந்த அம்மா அதைப் போட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டார். வயலில் மெஷின் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ம்," என்றார் போனுக்குள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும், "ம்."