முன்கண்ணாடியில் பூசிய எண்ணெய்

சென்ற அக்டோபரில் என் மகன் டேனியலுக்கு ஓட்டுநர் உரிமம் திரும்பக் கிடைத்தது. அன்று வீட்டில் பயந்தவன் நான் ஒருவன்தான்.

குடித்துவிட்டு எர்ணாவூர் சாலையில் தடுப்புச் சுவரில் காரை மோதியவன் அவன். உரிமத்தை ஆறு மாதம் முடக்கினார்கள். பழுது பார்த்த கார் வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இன்சூரன்சும் காலாவதியானது. அந்த ஆறு மாதமும் அவன் குடிக்கவில்லை. நான் நம்பவில்லை. தினமும் மாலையில் வாசலிலேயே நிறுத்தி, வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தேன்.

"நைனா, போலீஸ்காரன் வுட்டுட்டான். நீ வுட மாட்டியா?" என்பான்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்ல ஓர் ஒப்பந்தக்காரர் அவனைக் கூப்பிட்டார். முழு இன்சூரன்சோடு திங்கட்கிழமை வண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். இந்த வேலையும் போனால் என் மகன் எந்தக் கடை வாசலில் போய் நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

கேட்ட ஏஜெண்டுகள் எல்லாம் விபத்து, முடக்கம், விட்டுப்போன இன்சூரன்ஸ் என்றதும் முகம் மாறினார்கள். சிலர் எங்களால் கட்ட முடியாத தொகை சொன்னார்கள். ஒருவர், "இந்த வண்டிய எவனும் தொட மாட்டான் பெர்சு" என்று போனை வைத்தார்.

கடைசியில் தண்டையார்பேட்டை ஏஜெண்ட் பஷீர் பாய் எங்களால் கட்டக்கூடிய தொகை சொன்னார். எனக்குத் தூக்கம் போயிற்று. எல்லோரும் வேண்டாம் என்ற வண்டியை இவர் மட்டும் ஏன் ஏற்கிறார்? எங்கள் தெரு செல்வம் இப்படித்தான் மலிவாக ஒன்று வாங்கினார். காலையில் பணம் கொடுத்தார், மாலையில் பாலிசி வந்தது. விபத்து நடந்த பிறகுதான் அது போலி என்று தெரிந்தது.

சனிக்கிழமை காலை முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இந்த மனுஷன் யோக்கியனா, ஏமாற்றுக்காரனா? ஓர் அடையாளம் காட்டும்" என்று அழுது கேட்டேன்.

அன்று பஷீர் பாய் சொன்னபடி டேனியல் காரைச் சுற்றிப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினான். மதியமே பதில் வந்தது: முன்கண்ணாடியில் விரிசல், வண்டியை ஏற்க முடியாது.

கண்ணாடியில் ஏது விரிசல்? அதைச் சொல்லிப் பஷீர் பாய் மேலே பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். போன் போட்டுக் கத்தினேன். அரை மணி நேரத்தில் அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கண்ணாடி அருகே குனிந்தார். விரலால் தேய்த்து முகர்ந்தார்.

"ஐயா, இன்னா இது? எண்ண தடவிக் கீது! தலைக்கு வைக்கிறத கண்ணாடிக்கு வச்சீங்களா?"

உரிமம் திரும்பி வந்த வாரத்து ஞாயிறு, நம் பாஸ்டர் ஜெப எண்ணெயால் அந்தக் கண்ணாடியில் சிலுவை போட்டிருந்தார். அது நாலு பக்கமும் வழிந்திருந்தது. டேனியல் வண்டி கழுவும்போதெல்லாம் அந்த இடத்தில் துணி படக் கூடாது என்று தடுத்தவன் நான். எங்கள் தெருவில் பறக்கும் கரித்தூள் முழுவதும் அதில் ஒட்டிக் கோடு கோடாக நின்றது. போட்டோவில் பார்த்தால் அசல் விரிசல் மாதிரியேதான்.

"தொடைக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்ல நைனா," என்றான் டேனியல். பஷீர் பாய் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஆவியானவர் என் மனக்கண்ணைத் திறந்தார். செல்வத்தின் வண்டியை யாருமே பார்க்கவில்லையே! போலி விற்கிறவனுக்குக் கண்ணாடி உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன? இங்கே கம்பெனியில் உண்மையாகவே ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், பார்த்து வேண்டாம் என்றிருக்கிறார். நான் கேட்ட அடையாளம் அந்த மறுப்புதான். அதையும் அபிஷேக எண்ணெயைக் கொண்டே கர்த்தர் காட்டினார்.

ஆனாலும் துடைக்கக் கை வரவில்லை. பாஸ்டருக்குப் போன் செய்தேன். "எண்ணெய் கண்ணாடிக்கா போட்டேன் ஐயா? ஓட்டுற பிள்ளைக்குப் போட்டேன். தாராளமாத் துடைங்க" என்றார்.

டேனியல் சோப்புப் போட்டுத் துடைத்தான். மறுபடி போட்டோ போயிற்று. இருட்டுவதற்குள் பாலிசி வந்துவிட்டது. நான் அதோடு விடவில்லை. பாலிசி எண்ணைச் சொல்லிக் கம்பெனியிடமே நேராக விசாரித்தேன். உண்மையானதுதான் என்றார்கள். விசுவாசி விசாரிக்கக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. பஷீர் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க ஐயா, ஏமாந்தவங்க ஊர்ல சந்தேகம் வராதா?" என்றார்.

திங்கள் விடியலில் டேனியல் புறப்பட்டான். மாலையில் களைத்துத் திரும்பினான். அவன் வழக்கம்போல வாசலில் நின்று வாயைத் திறந்தான். நான் ஜெப எண்ணெயைத் தொட்டு அவன் நெற்றியில் சிலுவை போட்டேன். அவ்வளவு அருகில் நின்றும் மோந்து பார்க்கவில்லை என்பது, அவன் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த அற்புதம் இன்சூரன்சைவிடப் பெரியது. பிரியமானவர்களே, உங்களிடம் விசுவாசம் இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தாலும், அதையே எடுத்துக்கொண்டு அவர் பாதத்துக்குப் போங்கள். என்னுடையதை அவர் தள்ளவில்லை. உங்களுடையதையும் தள்ளமாட்டார். அவருக்கே ஸ்தோத்திரம்.