ஐந்தடி உயரத்தில் பிளக் பாயிண்ட்

எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டேன். படித்தது பத்தாம் வகுப்பு. நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கக் கூச்சப்படுகிறவன். வயரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் சங்க மலர்க்காரர்கள் கேட்டார்கள். மறுக்கவும் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய ஒரு விடுதியில் நான் மெயின்டனன்ஸ் ஆள். முன்பு அரிசி மண்டியாக இருந்த கட்டடம். முன்பக்கம் அறைகள், பின்பக்கம் பழைய குடோன். கார்த்திகை, மார்கழியில் கடல் ஏறும்போது காயல் தண்ணீர் ஓடை வழியாகத் தெருவுக்கு வந்து, கீழ்த்தள அறைகளுக்குள்ளும் புகுந்துவிடும். இங்கே அதற்கு வேலியேற்றம் என்று பெயர். இரண்டு மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் தானாக இறங்கிவிடும். சுவரில் ஓரடி உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு மிஞ்சும்.

அந்த வருடம் தங்க வருகிறவர்கள் குறைந்து, விடுதியை மூடிவிடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பல நாட்டு இளைஞர்கள் கூடும் முகாம் மாநாட்டுக்கு இடம் பார்க்க மலேசியாவிலிருந்து ஓர் அம்மா வருவதாகத் தெரிந்தது. மாநாடு டிசம்பரில், அவர் வந்தது செப்டம்பரில். எங்கள் மேனேஜர் ஷீலா மேடம் ஆறு மாதமாக எழுதி எழுதி வரவழைத்திருந்தார். இது கிடைத்தால் எங்கள் ஏழு பேருக்கும் வேலை நிலைக்கும்.

அவர் வருவதற்கு முந்தின நாள் மேடம் கூப்பிட்டு, மலையாளம் கலந்த தன் தமிழில் சொன்னார்.

“முருகேசா, கீழ ரூம்ல ஒரு கோட் வெள்ளை அடிச்சிரு. தண்ணி வர்ற காரியம் நாமளா ஒண்ணும் சொல்லவேண்டா, கேட்டோ? அவங்க கேட்டா மட்டும் சொன்னா மதி.”

“சரி மேடம்” என்றேன். அந்தக் கோட்டின் மேல் வெள்ளையடித்தவன் நான்தான். அதை இங்கே எழுதாமல் விட மனம் வரவில்லை.

வந்தவர் பெயர் கோமதி. ஆங்கிலத்தில் பேசுவார், நாம் ஓரமாக நின்றுகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். காரிலிருந்து இறங்கியதும், “அண்ணே, சாப்பிட்டீங்களா?” என்றார். ஓரமாக நிற்கும் வழி அங்கேயே அடைபட்டது.

அவர் இடம் பார்த்த முறையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு போனார். அதில் உட்கார்ந்து, எழாமலே கையை நீட்டித் தாழ்ப்பாள், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். எட்டாததை நோட்டில் எழுதினார்.

“பிளக் பாயிண்ட் எல்லாம் இவ்ளோ மேல இருக்கே. யார் வேலை இது?”

“நான்தான்.”

“நீங்களே அஞ்சரை அடி தாண்டமாட்டீங்க. யாருக்குண்ணே வச்சீங்க, ஒட்டகச்சிவிங்கிக்கா?”

ஷீலா மேடம் சிரித்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் சிரித்தார்.

“எங்க பிள்ளைங்க நாலு பேரு பேட்டரி வீல்சேர்ல வராங்க. மாடியில ஏத்த முடியாது, கீழதான் படுக்கணும். ராத்திரி முழுக்க சார்ஜ் போடணும். சார்ஜர் பெட்டி தரையிலதான் இருக்கும். பிளக்கைக் கொஞ்சம் கீழ இறக்கிடுங்க. முடியும்தானே?”

சுவரை வெட்டிப் பைப் இறக்கினால் போதும், அரை நாள் வேலை. மேடம் என்னையே பார்த்தார். கோமதி தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. முடியும் என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பாயிண்டுகளை நான் மேலே ஏற்றியதற்குக் காரணம் உண்டு. ஒரு வேலியேற்றத்தில் கீழே இருந்த பிளக்கைத் தண்ணீர் தொட்டு, எனக்கு ஷாக் அடித்தது. நான் துள்ளிக் கட்டிலில் ஏறிவிட்டேன். அந்தப் பிள்ளைகளால் அப்படி ஏற முடியாது.

“இறக்க மாட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“என்னண்ணே?”

“தண்ணி ஏறும்.”

டெஸ்டரை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைச் சுரண்டினேன். புது வெள்ளை உதிர்ந்து பழுப்புக் கோடு வந்தது.

“டிசம்பர்லயா?”

“டிசம்பர்லதான் கூடுதல்.”

கோமதி மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க கேட்கலையல்லோ” என்று ஆரம்பித்த மேடம் பாதியில் நிறுத்தினார். “இல்ல, சொல்லியிருக்கணும். என் தப்புதான்.”

கோமதி நோட்டை மூடினார். அதைப் பார்த்ததும்தான் சொன்னேன். “பின்னால குடோன் இருக்கு. அங்க ஏறாது.”

அரிசி நனையக் கூடாது என்று குடோன் தரையை இரண்டரை அடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். மூட்டை வண்டி ஏற நீளமான சரிவும் உண்டு. கோமதி அதைப் பார்த்தார். பக்கத்தில் கேஸ் சிலிண்டர் தள்ளும் வண்டி நின்றது. அதில் ஏறி உட்கார்ந்து, “தள்ளுங்க” என்றார்.

நான் ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம்.

“மெல்ல லா! எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு!” என்று மலேசியப் பேச்சில் கத்தினார் கோமதி.

“முருகேசா, பிடி, பிடி! அய்யோ, என் சேலை!”

மேலே போய்ச் சேர்ந்தோம். இறங்காமலே சுற்றிப் பார்த்தார்.

“பாத்ரூம்?”

“இல்ல. கட்டணும்.”

“டிசம்பருக்குள்ள ஆகுமா?”

“ஆகும், ஆகும்” என்றார் மேடம். கோமதி என்னைப் பார்த்தார். மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஆகும்” என்றேன்.

“அப்ப இங்கதான்” என்று நோட்டில் எழுதினார்.

முடியுமா என்று கேட்டால் முடியும் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். செய்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நான் இப்போது வெள்ளையடிக்கும்போது அந்தக் கோட்டை விட்டுவிட்டு அடிக்கிறேன்.

மறுநாள் காலை கோமதி ஊருக்குப் புறப்பட்டார். நாங்கள் குடோனில் பாத்ரூமுக்கு அளவெடுத்தோம். டேப்பின் மறுமுனையை ஷீலா மேடம் பிடித்துக்கொண்டார்.