செவ்வாய்க்கிழமை ரத்தம்

குருபாரி முதுலி மலேரியா ஆபீசில் கொசு பிடிக்கிற வேலையில் சேர்ந்தபோது அவளைக் கேலி செய்யாத ஆள் ஒடிசாவின் கோராபுட் மலையில் இல்லை. சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை வாயில் கவ்வி மெல்ல உறிஞ்ச வேண்டும். நடுவில் வலைத்துணி இருக்கிறது, கொசு வாய்க்குள் வராது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் புருஷன் சானியா காதில் ஏறாது.

"இன்னிக்கு எத்தன முழுங்கின? வயிறு ரொம்பியிருந்தா உன் கஞ்சிய இப்படித் தள்ளு."

"நாப்பது முழுங்கினேன். நாப்பத்தொண்ணா உன்னை முழுங்கவா?"

சானியா செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. வேலையும் முடிந்து வீட்டோடு இருக்கிறாள். கேழ்வரகுக் கஞ்சியைத் தனியாகக் குடிக்கும்போது அந்தக் கேலிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அதன் பின்னாலேயே குமுடாபுட் கிராமம் வந்துவிடும்.

அந்த வருஷம் மழை விட்டும் குமுடாபுட்டில் காய்ச்சல் விடவில்லை. வீட்டுக்கு வீடு கொசுவலை கொடுத்தாயிற்று. ஆனால் வீடுகளில் பிடித்த கொசுக்களின் வயிற்றை நசுக்கித் தாளில் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினால், மனுஷ ரத்தம் என்றே பதில் வந்தது. கட்டக்கிலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி சத்பதிக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர் நடுவில் நின்று சத்தம் போட்டார்.

"வல குடுத்தது தூங்கறதுக்கு. நீங்க மீன் புடிக்கிறீங்க!"

சைத்தி என்ற கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க ஓடையில கணுக்கால் நனையுற தண்ணிதான் ஐயா. மீனுக்கு உங்க கட்டக்குக்கா வரணும்?"

ஊரே சிரித்தது. சத்பதி சிரிக்கவில்லை. இந்த ஊருக்கு இனி வலை வேண்டாம் என்று எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

குருபாரிக்கு மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரி அறையில் அன்று பிடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பதினாறு வருஷமாக அவள் பார்த்துப் பழகிய வயிறுகள். ரத்தம் குடித்த கொசு முதலில் சுவரில் உட்கார்ந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பின்னால் வெளியே தள்ளும். வயிற்றுக்குள் ரத்தத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று படியும். அதற்குள் இருப்பது ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும். முதல் நாள் மாதுளை மாதிரிச் சிவப்பு. மறுநாள் கருத்துச் சுருங்கும், வால் பக்கம் முட்டை வெளுப்பாகத் திரண்டு வரும். அதற்கும் மறுநாள் ரத்தம் இருந்த இடம் தெரியாது, வயிறு முழுக்க முட்டைதான்.

அன்றைய கொசுக்கள் அத்தனையும் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. சிவப்பு ஒன்றுகூட இல்லை. போன வாரக் குறிப்பைப் புரட்டினாள். அதற்கு முந்தின வாரத்தையும் பார்த்தாள். எல்லாம் அதே மாதிரி.

"ஐயா, நேத்து ராத்திரி அந்த ஊர்ல ஒரு கொசுவும் குடிக்கல," என்று சத்பதியிடம் சொன்னாள். "இதெல்லாம் முந்தாநேத்துக் குடிச்சது. வலைக்குள்ள தூங்காதவங்கன்னா தினமும் கடி பட்டிருக்கணுமில்ல?"

"நீங்க எப்பவும் போறது வியாழக்கிழமை. அப்ப குடிச்சது செவ்வாய்க்கிழமையா? செவ்வாய்க்கிழமை மட்டும் என்னக்கா விசேஷம்?"

அவளுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியில் யாரோ இஞ்சி மூட்டையோடு எதிரே வந்தார்கள். அந்த மண் வாசனை மூக்கில் ஏறியதும் குருபாரி அப்படியே நின்றுவிட்டாள். எட்டு வயசில் இஞ்சி விற்க அம்மாவோடு மேல்மலையிலிருந்து இறங்கி வந்தது நினைவுக்கு வந்தது. புதன்கிழமை விடியலில் குமுடாபுட் சந்தை. செவ்வாய் சாயங்காலமே வந்து இடம் பிடிக்க வேண்டும். சந்தைக் கொட்டகையில் மூட்டையில் முதுகு சாய்த்து நூறு பேர் படுப்பார்கள். அம்மா தன் சேலை முந்தானையால் அவள் காலை மூடிவிட்டு, தான் கடி வாங்கிக்கொண்டு கிடப்பாள். விடிந்து எழுந்தால் அம்மாவின் கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கும். "சந்தைக் காசோட சேத்துக் குடுத்தது," என்று சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை விடியலில் சத்பதியை அழைத்துக்கொண்டு போனாள். கொட்டகையை ஒட்டிய வீடுகளின் சுவரில் கொசுக்கள் செக்கச்செவேலென்று, பறக்க முடியாத கனத்தில் உட்கார்ந்திருந்தன. ராத்திரி கொட்டகையில் படுத்து எழுந்த மேல்மலைக்காரர்கள் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வலை மலைமேல் வீட்டில் இருந்தது.

சத்பதி சைத்தி வீட்டு வாசலுக்குப் போனார். "தப்பாப் பேசிட்டேன் பாட்டி."

"சரி விடு. மீன் வேணும்னா சொல்லு, இன்னிக்குச் சந்தைல கருவாடு வந்திருக்கு."

கொட்டகை முழுக்கப் பெரிய வலைகள் கட்டினார்கள். அடுத்த மழைக்குக் காய்ச்சல் பாதிக்குமேல் குறைந்தது, மேல்மலையிலும்தான்.

அறிக்கையில் அவள் பெயரைச் சத்பதி முதல் வரியிலேயே எழுதினார். சானியா அதன் நகலை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தையில் எழுத்துத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டான். அன்று முழுக்க அவன் ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போல இருந்தது.