பக்கம் மாறி நின்றவர்கள்

எல்லையோர வடகரப்பதிப் பக்கம் நான் படித்த பள்ளியில் மலையாளம் மீடியமும் தமிழ் மீடியமும் ஒரே கட்டடம். ஓணத்துக்கு இரண்டும் எதிரெதிரே நின்று கயிறு இழுக்கும்.

நான் மலையாளம் மீடியம். அப்பா உள்ளூர்த் தமிழர். அம்மா ஒற்றப்பாலத்து மலையாளி. ஐந்தாம் வகுப்பில், ஓணத்துக்கு முந்தின நாள் ஒத்திகை. நான் கயிற்றில் கை வைத்ததும் எங்கள் அணித் தலைவி, "பாண்டிக்கு இவிடெ ஸ்தலமில்ல" என்றாள். தமிழருக்கு இங்கே இடமில்லை என்று இளக்காரம். எதிர்ப்பக்கம் போனேன். அங்கே நின்ற பையன், "மலையாளத்தா புள்ள நமக்கெதுக்கு" என்று கயிற்றை அணைத்துக்கொண்டான். இரண்டு பேச்சும் வருடம் முழுக்கக் கேட்டவைதான். ஆனால் பிடிக்கக் கயிறே இல்லாமல் நின்றது அன்றுதான்.

நடந்ததைச் சொல்லி, நாளைக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் அழுதேன். அப்பாவும் அம்மாவும் சோறு போட்டார்கள். மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு அவர்களும் வந்தார்கள்.

முதலில் பெற்றோர் போட்டி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மலையாளப் பக்கம் போய் நின்றார். அம்மா தமிழ்ப் பக்கம். எனக்கு உடம்பு கூசியது. பக்கம் மாறி நிற்கிறீர்கள் என்று மைக்கில் வாத்தியார் சொல்லிப் பார்த்தார்.

"இல்லைங்க மாஷே, இது எங்க மாமனார் ஊட்டுப் பக்கமுங்க. விட்டுக்குடுக்க முடியாதுங்க" என்றார் அப்பா.

மைதானமே சிரித்தது. அம்மா, தான் வாழவந்த பக்கத்தை விடமாட்டேன் என்று முந்தானையைச் செருகினாள். விசில் ஊதியதும் இருவரும் நிஜமாகவே இழுத்தார்கள்.

"ஏட்டா, விட்டுருங்க" என்றாள் அம்மா.

"நீ விடு அம்மிணி."

சிரிப்புத் தாங்காமல் தமிழ்ப் பக்கம் கயிற்றை விட்டுவிட, மலையாளப் பக்கம் அப்பாவோடு சேர்ந்து மழைச் சேற்றில் மல்லாந்தது.

மறு ஆட்டத்துக்கு இன்னும் சிலர் பக்கம் மாறினார்கள். செத்துப்போன தன் அம்மா பக்கத்துச் சித்தூரில் ஒரு மலையாள வீட்டில் பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டே ஒருவர் எதிர்ப்பக்கம் போனார். முந்தின நாள் என்னைச் சேர்க்காத பையனின் அப்பா அவர். பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் முறை வந்தபோது யார் எந்தப் பக்கம் என்று வாத்தியாருக்கே குழப்பம். கண்ணில் பட்டவர்களை வரிசையாக நிறுத்தினார். எனக்கு முன்னால் அந்தப் பையன், பின்னால் அணித் தலைவி. "இறுக்கிப் புடி" என்றான் அவன். பிடித்தேன். தோற்றோம், மூன்று பேரும் ஒரே சேற்றில் கிடந்து சிரித்தோம்.

வீடு திரும்பும்போது, பக்கம் தெரியாமல் நின்று என் மானத்தை வாங்கிவிட்டதாக இருவரையும் கடிந்துகொண்டேன். அடுத்த வருசம் பார்த்து நிற்கிறோம் என்றார் அப்பா. அம்மா சேலையில் காய்ந்த சேற்றைத் தட்டியபடி தலையாட்டினாள்.

அடுத்த வருடமும் மாறித்தான் நின்றார்கள். இவ்வளவு சின்ன விஷயம் இவர்கள் மண்டையில் ஏன் ஏறவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.